மேலே தட்டுகிறவன்

மெழுகுவத்தியை இப்படி நடுவில் வையுங்கள். எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காற்று இப்போதைக்கு ஓயப் போவதில்லை, உங்களுக்குத் தூக்கமும் வரப் போவதில்லை. கதை கேட்டது நீங்கள். பாதியில் யாராவது "போதும், நிறுத்து" என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இப்போதே சொல்லிவிட்டேன்.

எனக்கு நடந்தது இல்லை இது. என்னோடு லாரி ஓட்டுகிறவனுடைய சொந்த அக்காவுக்கு நடந்தது. அவன் டீசல் கணக்கில் பொய் சொல்லுவான். அக்கா விஷயத்தில் சொல்ல மாட்டான்.

மத்தியானம் மூன்று மணி. கடலோரச் சாலை. ஈ காக்கா இல்லை...

"மத்தியானமா? பேய்க் கதைன்னுதானே சொன்னீங்க?" என்றார் போர்வைக்குள் இருந்த சமையல்காரர்.

"ஏன்யா, பேய் உன்கிட்ட டைம் கேட்டுட்டா வரும்? வாயை மூடிட்டுக் கேளு."

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. இன்றைக்கு மாதிரியே அன்றைக்கும் புயல். சாலையின் கடைசி வீடு அக்காவுடையது. அதற்கு அப்பால் சவுக்கு மரங்கள், மணல், கடல், அவ்வளவுதான். வீட்டுக்குள் அக்காவும் கைக்குழந்தையும் மட்டும். குழந்தைக்குக் காய்ச்சல். ஊரைக் காலி செய்யச் சொல்லி வந்த வண்டியில் அதனால்தான் அவள் ஏறவில்லை. அவள் புருஷன் கூரைக்காரர். தகரக் கூரை போடுவது, பழைய கூரையை இறுக்குவது, அதுதான் தொழில். புயல் வருகிறது என்றால் ஆஸ்பத்திரிக் கூரையை இறுக்கக் கூப்பிட்டுவிடுவார்கள். காலையிலேயே போய்விட்டார்.

போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "இந்த வீடு போச்சுன்னா ஊர்ல ஒரு வீடும் மிஞ்சாது. பயப்படாம இரு. காத்து நின்னாலும் கதவைத் திறக்காதே."

வாய்ச்சவடால் இல்லை அது. மனுஷன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. சுவர் குட்டை. கூரை நாலு பக்கமும் சரிவு, எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். நாமெல்லாம் காற்று கூரையைத் தள்ளும் என்று நினைக்கிறோம். தள்ளாதாம். மேலே இருந்து உறிஞ்சித் தூக்குமாம். அதனால் சுவருக்குள்ளிருந்தே இரும்புப் பட்டை ஏற்றி, ஒவ்வொரு சட்டத்தையும் போல்ட் போட்டுக் கட்டியிருந்தார். வாசலில் ஒரு பூவரச மரம். புயல் மாதம் வந்தால் அதன் கிளையை ஒன்றுவிட்டு ஒன்று கழித்துவிடுவார். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள், மரத்துக்கு மொட்டை போட்டுவிட்டான் என்று. காற்று நுழைந்து போக வழி இருந்தால் மரம் நிற்கும், அடர்த்தியாக நின்றால் வேரோடு சாயும் என்பார் அவர். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஒரு மரம் குடை மாதிரி நின்றது. அன்றைக்கு முதலில் சாய்ந்ததும் அதுதான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இது தெரியாவிட்டால் கதை விளங்காது.

கூரை வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். மேலே இருப்பவன் நட்டைத் திருகுவான். கீழே, வீட்டுக்குள் நிற்பவன், போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்வான். பிடிக்காவிட்டால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும், இறுகாது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் தகரம். கத்தினாலும் காற்றில் கேட்காது. அதனால் தட்டல். மேலே இருப்பவன் இரண்டு தட்டு தட்டினால் "பிடி" என்று அர்த்தம். கீழே இருப்பவன் பதிலுக்கு இரண்டு தட்டினால் "பிடிச்சாச்சு". பதில் வராமல் நட்டில் கை வைக்க மாட்டான். வேலை முடிந்து இறங்கும்போது ஸ்பேனரைத் தகரத்தின் மடிப்புகள் மேல் நீளமாக இழுப்பான்... கர்ர்ர்ர்ர் என்று. "இறங்குறேன், ஏணியைப் பிடி." அவ்வளவுதான் அவர்கள் பாஷை. சொந்த வீட்டுக்குக் கூரை போட்டபோது கீழே நின்று பிடித்தது அக்காதான். அவளுக்கும் அது அத்துப்படி.

சரி. மூன்று மணி. காற்று கடலிலிருந்து அடிக்கிறது. வீடு அசையவில்லை. ஆனால் தூளிக்கு மேலே, மூலையில், ஒரு தகரம் பேச ஆரம்பித்தது. முதலில் டிக்... டிக்... பிறகு படபடபட. எந்த போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. ஒரு மூலை பிய்ந்தால் காற்று உள்ளே புகுந்து மொத்தக் கூரையையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும். தூளியை அவிழ்த்துக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். போன் செத்துப்போயிருந்தது. இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

திடீரென்று... நின்றது.

குறையவில்லை. நின்றது. புயலுக்குக் கண் என்று ஒன்று உண்டு. அது நம் தலைக்கு மேலே வரும்போது இலை கூட ஆடாது. முடிந்தது என்று வெளியே போகிறவன் தொலைந்தான். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று திரும்பி வரும். முதலில் வந்ததை விட மோசமாக.

அந்த அமைதியில் அக்காவுக்குத் தன் மூச்சே கேட்டது. அப்புறம் தகரத்தில்...

டக். டக்.

கூரை மேலே.

அவளுக்கு உயிர் வந்தது. வந்துவிட்டார்! வீட்டுக்குள் கூட வராமல் நேராக மேலே ஏறிவிட்டார், அந்த மனுஷன் அப்படித்தான். குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். வீட்டில் இருந்த இன்னொரு ஸ்பேனரை எடுத்தாள். தட்டல் கேட்ட இடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, போல்ட்டின் தலையைக் கவ்விப் பிடித்தாள். சட்டத்தில் இரண்டு தட்டினாள்.

மேலே நட்டு சுற்றியது. கிறீச்... கிறீச்... இறுகியது.

அடுத்த போல்ட். டக் டக். இவளும் டக் டக். கிறீச். அதற்கு அடுத்தது. அக்கா ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி வீட்டைச் சுற்றி வந்தாள். வாய் சும்மா இருக்குமா? "என்னங்க, பாப்பாவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்குங்க. மூலையை மறந்துடாதீங்க, அங்கதான் ரொம்ப ஆடுது." பதில் இல்லை. வேலையில் இருந்தால் அவர் பேச மாட்டார், அதனால் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. போல்ட் ஓட்டை வழியாக மட்டும் ஒவ்வொரு சொட்டாக அவள் முகத்தில் விழுந்தது. மழைதான் நின்றுவிட்டதே? ஐஸ் மாதிரி ஜில்லென்று... உதட்டில் பட்டது உப்புக் கரித்தது. ஏதோ ஒரு வாடை வேறு. நாள்பட்ட கடல்பாசி அழுகுகிற வாடை.

கடைசியாக இருந்தது தூளிக்கு மேலே இருந்த மூலை. அதற்கு முந்தின போல்ட்டை அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மேலே நட்டு சுற்றுகிறது. ஸ்பேனர் வழியாக அந்த இழுப்பு அவள் கைக்குத் தெரிகிறது.

அப்போது வாசல் கதவை யாரோ இடித்தார்கள்.

"ஏய்! நான்தான்! கதவைத் திற!"

கூரைக்காரர் குரல்.

மேலே... நட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நிறுத்துங்க அண்ணே," என்றாள் பக்கத்து பெஞ்சில் இருந்த நர்ஸம்மா.

"நிறுத்த மாட்டேன். அப்பவே சொன்னேன்ல?"

அக்கா எப்படி ஸ்டூலிலிருந்து இறங்கினாள், எப்படிக் கதவைத் திறந்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அவர் நின்றார். முழங்கால் வரை சேறு, நெற்றியில் ரத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, அந்த அமைதியில் ஓடியே வந்திருக்கிறார். நேராகக் குழந்தையிடம் போனார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அழுதுவிட்டார்.

"நீங்க இங்க இருந்தா..." அக்கா கூரையைக் காட்டினாள். "அப்ப மேலே யாருங்க?"

டக். டக்.

மூலையிலிருந்து.

அவர் அந்த மூலையை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை போல்ட்டுக்குப் பதில் தட்டினே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாத்துக்கும்... இது ஒண்ணுதான் பாக்கி. நீங்கன்னுதாங்க நினைச்சேன்!"

அவருக்கு முன்பு ஒரு கூட்டாளி இருந்தான். நெட்டை என்று கூப்பிடுவார்கள். இவரை விட ஒரு முழம் உயரம். முந்தைய புயலில், இதே மாதிரிக் கண் வந்து நின்ற நேரத்தில், கிடைத்த இடைவெளியில் ஒரு கிடங்கின் கூரையை இறுக்கப் போனார்கள். புயலில் கூரைக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனம் அது. காற்று திரும்பியது. நெட்டை தகரத்தோடு போய்விட்டான். உடம்பு கூடக் கிடைக்கவில்லை. கூப்பிடக் கூப்பிட இறங்கவில்லை, பிடிவாதக்காரன் என்றுதான் ஊரிலும் வீட்டிலும் கூரைக்காரர் சொல்லியிருந்தார்.

அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார்.

"கூப்பிடலை. அவன் தட்டினான்... நான் பதில் தட்டலை. காத்து வர்ற சத்தம் கேட்டுச்சு, ஸ்பேனரைப் போட்டுட்டு ஓடிட்டேன். அவன் என் பதிலுக்காகத்தான் மேலேயே உட்கார்ந்திருந்தான்."

டக். டக்.

தூரத்தில், ஊர்ப் பக்கத்திலிருந்து, ஒரு உறுமல் கேட்க ஆரம்பித்தது. தகரம் லேசாகத் துடித்தது. படபட.

"வேணாங்க. விட்டுடுங்க," என்றாள் அக்கா.

"விட்டா இந்த மூலை போகும். மூலை போனா பாப்பா..." அவர் அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி ஸ்டூலில் ஏறினார். போல்ட்டைக் கவ்விப் பிடித்தார். சட்டத்தில் இரண்டு தட்டினார். "இருக்கேன்டா," என்றார் கூரையைப் பார்த்து.

பிறகு நட்டு சுற்றியது. மெதுவாக, நிதானமாக. கிறீச்... கிறீச்... அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இறுகியது. தகரத்தின் பேச்சு நின்றது.

அப்பாடா என்று அக்கா மூச்சு விட்டாள். அப்போது கூரையின் உச்சியிலிருந்து ஓரம் வரை...

கர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

ஏணியைப் பிடி.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அக்கா ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். "பைத்தியமாங்க உங்களுக்கு? காத்து திரும்புது, கேக்கலையா? எனக்கும் பாப்பாவுக்கும் யாரு இருக்கா?"

அவர் கத்தவில்லை. குழந்தையின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்தார். "அவன் இறங்காம இந்த வீட்டை விட்டுப் போக மாட்டான்டி. ஒரு தடவை ஓடினேன், ஒரு நாள் நிம்மதியாத் தூங்கலை. ஏணியைப் பிடிச்சுட்டு வந்துடறேன். நீ தாழ் போட்டுக்கோ."

அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டைதான் கிழிந்தது. அவர் போய்விட்டார்.

ஜன்னல் பலகை இடுக்கில் அக்கா கண்ணை வைத்தாள். வெளியே மஞ்சள் வெளிச்சம். பூவரசு ஆடாமல் நின்றது. அதன் அடியில் பறக்கத் தெம்பில்லாமல் கடல் பறவைகள் தரையில் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்குப் பின்னால் படுக்கப் போட்டிருக்கும் ஏணி, கூரையில் சாய்ந்து நின்றது. யார் நிறுத்தினார்கள்? அவர் கீழே நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். மேலே பார்த்தார்.

ஏணியின் மேல்படி வளைந்தது. பிறகு அடுத்த படி. பிறகு அடுத்தது. ஒவ்வொரு படியாகக் கனம் இறங்கி வந்தது. யாரும் இல்லை. கடைசிப் படியும் வளைந்து நிமிர்ந்தது. அவர் ஏணியை விட்டுவிட்டார். எதிரே யாரோ நிற்கிற மாதிரி நின்றார். கழுத்தை நிமிர்த்தி, தன்னை விட ஒரு முழம் உயரமான ஆளைப் பார்க்கிற மாதிரி. ஏதோ சொன்னார், வாய் அசைந்தது. பிறகு கையை நீட்டினார்.

அந்தக் கையை எதுவோ பிடித்துக்கொண்டது. அவர் இழுத்தார். கை வரவில்லை.

அப்போது காற்று வந்தது.

அதற்கு மேல் அக்கா எதையும் பார்க்கவில்லை. பலகை மூஞ்சியில் அடித்துத் தள்ளியது. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது என்கிறாள். கூரை மேலே ஒரு மூலையில் டக் டக். உடனே எதிர் மூலையில் டக் டக். ஒருவர் தட்ட, இன்னொருவர் பதில் தட்ட... விடியும் வரைக்கும்.

காலையில் அந்தச் சாலையில் வேறு ஒரு கூரையும் இல்லை. சவுக்குத் தோப்பு பாதி படுத்துவிட்டது. பூவரசு நின்றது, இந்த வீடு நின்றது. ஒரு தகரம் கூட நெளியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவரை இன்றுவரை தேடுகிறார்கள்.

அக்கா அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. என் லாரிக்காரன் எவ்வளவோ கெஞ்சினான். "அவர் இங்கதான்டா இருக்கார், நான் எங்க போறது?" என்கிறாள். இப்போதெல்லாம் புயல் என்றால் தெருவே குழந்தை குட்டியோடு அவள் வீட்டுக்குத்தான் ஓடுகிறது. எல்லாரையும் உள்ளே விடுவாள். பாய் போடுவாள், கஞ்சி ஊற்றுவாள். அமைதி வந்து, மேலே சத்தம் கேட்டு, யாராவது பயத்தில் கையில் கிடைத்ததை எடுத்தால் மட்டும் அக்காவுக்குக் கோபம் வரும்.

"யாரும் திருப்பித் தட்டாதீங்க," என்பாள். "பதில் தட்ட அவர் இருக்கார். ரெண்டு பேர் பதில் தட்டினா, அவன் இன்னொரு ஆளையும் கூப்பிடுவான்."