தொம்மலூர்ச் சமாதானம்

பெங்களூர் தொம்மலூரில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் டோரீன் வீட்டுக்கு எப்போதும் பஸ்ஸில்தான் போவேன். பல்கலைக்கழக விசாரணைக் குழு கேட்டுக்கொண்டபடி, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

கலவரம் நடந்த இடங்களில் மக்கள் மறுபடி எப்படிச் சமாதானமாகிறார்கள் என்பது என் ஆய்வு. உண்மை வெளியே வராமல் சமாதானம் இல்லை என்பது என் கொள்கை. உண்மை வெளிவராமலே சமாதானமாக இருந்த டோரீனின் தெரு அதற்கு இடைஞ்சலாக இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன், காவிரித் தண்ணீர்க் கலவரத்தின்போது, தமிழ்நாட்டு நம்பர் வேனோடு வீட்டு வாசலுக்கு வந்த டோரீனின் கணவர் ஓஸ்வால்ட் தலையில் கல் பட்டு இறந்தார். எறிந்தது யாரென்று போலீசுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து பக்கத்து வீட்டு கோவிந்தப்பாதான் அந்த அம்மாளுக்குத் தினமும் பால் வாங்கிக் கொடுத்து வந்தார்.

கல்லை எறிந்தது தானே என்று கோவிந்தப்பா பேட்டியில் என்னிடம் சொன்னார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"பேட, வேணாம் ஸ்ரீரஞ்சனி மேடம், டோரீன் அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்பறம் நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றார்.

பேட்டிகளில் இது சகஜம். ஓரத்தில் 'உணர்ச்சிவசப்படுகிறார்' என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்த ஒலிப்பதிவை டோரீனுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். எனக்கு டீ போட எழுந்து போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. வாயே திறக்காதவரை வைத்து என்ன எழுதுவது? நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், "அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்களாம்" என்றேன். இரண்டாவது வாக்கியம் நானாகச் சேர்த்தது. பதறிக்கொண்டு ஓடுவார், இருவரும் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். விடிவதற்குள் தற்கொலை செய்துகொண்டார்.

தகனம் முடிந்த அன்றே கேள்விப் படிவத்தோடு டோரீனிடம் போனேன். நாள் கடந்தால் பதில்கள் நீர்த்துவிடும். கோவிந்தப்பா மீது உள்ள கோபத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

"அவன் கல்லெறிஞ்சத ஜன்னல்ல நின்னு நான்தாம்மா பாத்தேன்" என்றார். "ரெண்டு வருஷம் அவன் நாசமாப் போகணும்னு ஜெபம் பண்ணேன். தெனம் பாலோட வந்து தலைய குனிஞ்சிட்டே நிப்பான். அப்பறம் மனசு கேக்கல. தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அவனும் பொழைக்கணும்ல?"

ஆக, ஒன்பது வருடங்களாக உண்மையை மறைத்தவர் டோரீன்தான். கோவிந்தப்பாவைக் கொன்றது அந்த மௌனமே என்று கட்டுரையை முடித்திருக்கிறேன்.