மூடிய கல்லூரியில் ஒரு வகுப்பு

கல்லூரி மூடிய பிறகும் நாற்பத்தொரு நாட்கள் நான் அதைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. நான் பொறுப்பில்லாதவள் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன், மேடம்.

எனக்கு அதிகம் பேசிப் பழக்கமில்லை. இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்குவது கஷ்டம். அதனால் நீங்கள் கேட்பதற்கு முன்பே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டனில் பைஸர் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் தாதியர் கல்லூரி. தனியார் கல்லூரி. நான் தாதி இல்லை. விலங்கியலில் பட்டம் பெற்றவள். அரசாங்க ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தபோது அங்கே உடற்கூற்றியல் படிப்பிக்கச் சேர்ந்தேன். மாணவிகள் பதினெட்டுப் பேர், எல்லோரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அம்மாமார் கொழுந்து பறித்துப் படிக்க வைத்த பிள்ளைகள்.

அந்தத் திங்கட்கிழமை இயக்குநர் ஜெயகாந்தன் வரவில்லை. அவருடைய அறையில் மேசை மட்டும்தான் இருந்தது. தாதியியல் படிப்பித்த ஆசிரியையும் வரவில்லை. பத்து மணிக்கு ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“மிஸ், நம்ம காலேஜுக்குப் பதிவு கெடைக்கல. எப்பவுமே கெடைக்கல. புள்ளைங்களுக்கு மெதுவா சொல்லிருங்க,” என்றார் ஜெயகாந்தன். அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

ஆக, அந்த டிப்ளோமாவை எந்த ஆஸ்பத்திரியும் ஏற்காது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லிவிடத்தான் வகுப்புக்குள் போனேன். வெள்ளைச் சீருடையில் பதினெட்டுப் பேரும் எழுந்து, “குட் மோர்னிங் மிஸ்,” என்றார்கள். இதயத்தின் வால்வுகளைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

உங்களுக்குப் பெரட்டைப் பற்றி எந்த அளவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. விடிந்ததும் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரு களத்தில் கூடுவார்கள். யார் எந்த மலைக்குப் போவது என்று அங்கேதான் பிரிப்பார்கள். டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், பஸ் ஏற வேண்டுமென்றால் அந்தக் களத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கிருஷாந்தி என்ற மாணவியும் எங்கள் தோட்டம்தான். அவள் வெள்ளைச் சீருடையில் நடந்து வரும்போது கங்காணி சின்னராசா, “வழி விடுங்கடி, நர்ஸம்மா வாராங்க,” என்பார். “ஏ நர்ஸம்மா, என் இடுப்புக்கு ஒரு குத்து குத்திட்டுப் போயேன்,” என்று யாராவது கத்துவார்கள். கிருஷாந்தியின் அம்மா காளியாயி கூடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து சிரிப்பார்.

ஒரு நாள் அந்தச் சீருடை வராவிட்டால் மறுநாள் ஏன் என்று கேட்பார்கள். அதற்கடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கும் ஒரு கூடை கொடுத்துவிடுவார்கள். என்னால் அதை அவர்களுக்குச் செய்ய முடியவில்லை. நானும் சேலை கட்டிக்கொண்டு அதே களத்தைத்தான் தாண்டிப் போகிறவள். ஆனால் நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை.

கல்லூரி கைமாறுகிறது என்று மாணவிகளிடம் சொன்னேன். புது நிர்வாகம் வரும்வரை வெளியே பேசினால் பதிவு போய்விடும் என்றும் சொன்னேன். நான் தாதியாகவும் வேலை செய்தவள் என்று ஒரு நாள் சேர்த்துச் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். திரைகளை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் படித்தோம். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். பதினெட்டுப் பேர் இருக்கும் அறையில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. சத்தம் கீழே இறங்கிப் போன பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் தலையசைப்பேன். மறுபடி எழுதுவார்கள். அந்தத் தலையசைப்புக்காக அவர்கள் காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி நின்றுபோனதுதான் சிக்கல். ஒரு நாள் கிருஷாந்தி எழுந்தாள்.

“மிஸ், ஒரு மாசமா வாழைப்பழத்துக்கே ஊசி போட்டுக்கிட்டு இருக்கோம். ஹட்டன்ல இருக்குற வாழைப்பழம் எல்லாம் கொணமாயிருச்சு.”

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க மிஸ். வர்ற திங்கக்கெழம நாங்க நாலு பேரு கொழும்புக்குப் போறோம். பதிவு ஆபீஸ்ல என்னான்னு கேட்டுட்டு வந்துர்றோம். ஒங்களுக்கும் பாரம் கொறையும்ல.”

அவள் என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். “சனிக்கிழமை இங்கேயே நோயாளிகளை வைத்துப் பயிற்சி,” என்றேன். அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. கொழும்புப் பேச்சு அத்தோடு நின்றது.

அலமாரியில் பெனிசிலின் குப்பிகள் இருந்தன. மருந்து கலப்பதைக் காட்ட வாங்கி வைத்தவை. காலாவதித் தேதியைப் பார்த்தேன். இன்னும் நான்கு மாதம் இருந்தது. நான் கவனமாகத்தான் இருந்தேன்.

காளியாயிக்குக் கணுக்காலில் அட்டைக்கடிப் புண். சீழ் வைத்து ஆறாமல் இருந்தது. தோட்டத்தில் மாத்திரையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம். அதனால், “மொதல் ஊசி எங்கம்மாவுக்கு, நான்தான் போடுவேன்,” என்று கிருஷாந்தி முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காளியாயி தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். நான் கீழே போய் அவரை அழைத்துவந்தேன். மேலே வந்ததும் பிள்ளைகளைப் பார்த்து, “ஏய், வலிச்சிச்சுன்னு வையி, ஒருத்தியையும் பாஸ் பண்ண விடமாட்டேன்,” என்றார். எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்கள். அன்று நான் அவர்களை அடக்கவில்லை.

கிருஷாந்தி மருந்தைச் சரியாகக் கலந்தாள். காற்றை வெளியேற்றினாள். பிறகு நிறுத்தினாள்.

“மிஸ், டெஸ்ட் டோஸ்?”

பெனிசிலின் என்றால் முதலில் தோலில் சிறிதளவு போட்டுப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. நான் அதைச் செய்ததே இல்லை. பதினெட்டுப் பேர் பார்க்கச் செய்தால் நான் தாதி இல்லை என்று தெரிந்துவிடும்.

“கீழேயே நான் போட்டுப் பார்த்துட்டேன்,” என்று அவள் காதோடு சொன்னேன்.

அவள் தலையசைத்துவிட்டு ஊசியைப் போட்டாள். நன்றாகவே போட்டாள்.

சில நிமிடங்களில் காளியாயி உள்ளங்கைகளைச் சொறிந்தார். உதடு தடித்தது. “புள்ள, மூச்சு,” என்றார். அப்புறம் வார்த்தை வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு விசில் சத்தம் மட்டும் வந்தது. கிருஷாந்தி, “அட்ரினலின் மிஸ், அட்ரினலின்,” என்று அலமாரியைக் கலைத்துப் போட்டாள். ஒவ்வாமையை முறிக்கும் அந்த மருந்து அங்கே இல்லை. இல்லை என்பது காலையிலேயே எனக்குத் தெரியும். கால்களை உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். ஆட்டோ கூப்பிடச் சொல்வதற்கு முன் கரும்பலகையில் இருந்த பாடத்தை அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் அவர்களுடைய லய வீட்டில், சவப்பெட்டியின் பக்கத்தில் கிருஷாந்தி அழாமல் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளுடைய சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். என் கையைப் பிடித்து, “மிஸ், நான் மருந்தை வேகமா ஏத்திட்டேனா?” என்று கேட்டாள்.

“இருக்கலாம்,” என்றேன். உறுதியாகச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

இப்போது அவள் இதே பொலிஸ் நிலையத்தில் பக்கத்து அறையில் இருக்கிறாள். அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாக உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். காளியாயிக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மகளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்றும் கேட்டீர்கள். அவளுக்குத் தெரியாது, மேடம். அது அவள் பிறப்பதற்கு முன் நடந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

அன்று காலை பைஸர் நானாவின் கடைக்குப் பின்னால், படிக்கட்டில் காளியாயி நின்றுவிட்டார். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்.

“மிஸ், புள்ளைக்கிட்ட சொல்லிறாதீங்க, பயந்துரும். அது பொறக்க முந்தி எனக்கு ஒரு ஊசி போட்டு மூச்சே நின்னுபோச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு டாக்டரு ஐயா அந்த ஊசி பேரை மூணு தடவ சொல்லச் சொன்னாரு. பெனிசிலின். இன்னும் மறக்கல. இன்னைக்கு நான் வேணாம்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு மொகமே செத்துப்போகும். நீங்க படிச்சவுங்க. நீங்க சொன்னா சரி.”

ஒவ்வாமை என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. இதை நான் படித்திருக்கிறேன். மேலே பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“பயப்படாதீங்கம்மா, இது வேற ஊசி,” என்றேன்.

அது பெனிசிலின்தான்.