பாலோடை போன ரத்தம்

“பிள்ளையின்ரை மலத்திலை வந்தது என்ரை ரத்தமாம் அக்கா.”

கோப்பாய் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம் தாய் தன் பக்கத்துவீட்டுக்காரியிடம் சொன்னாள். மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளையை ஆசுபத்திரியில் விட்டுவிட்டு, குளித்து உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போகிறாளாம்.

“குடல் பழுதாகுதோ எண்டு பயந்து, பாலை நிப்பாட்டி, வயித்தைப் படம் எடுத்தவை. குடலிலை ஒண்டுமில்லை. பிறகு டொக்டர் அம்மா என்ரை நெஞ்சைப் பாத்தா. காம்பு வெடிச்சிருந்தது. மலத்திலை வந்த ரத்தத்தைச் சோதிச்சால், பீச்சிக் குடுத்த பாலோடை போன என்ரை ரத்தம்தான்.”

“உவ்வளவு வெடிச்சும் உனக்கு நோகேல்லையோ?”

“பயத்திலை தெரியேல்லை அக்கா. இண்டைக்குத்தான் திரும்பப் பால் குடுக்கச் சொன்னவை. இப்பதான் நோகுது.”