பின்சீட்டின் எடை

மத்தியானம் இரண்டு மணி.

சிரிக்காதீர்கள். இருட்டினால்தான் அது வர வேண்டும் என்று யார் சொன்னது? இங்கே இப்போது கரண்ட் இல்லை, எல்லாரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம்... நல்லது. ஆனால் இது நடந்தது கண் கூசும் வெயிலில். நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கிற நேரம்.

தார் இளகிக் கிடந்த சாலை. இருபுறமும் வீடு கட்டாத மனைகள், எல்லைக் கற்கள். நாய்கூட இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டுபவர் ஒரு பருத்த மனிதர், பழைய கார்களைச் செப்பனிடும் ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவன் அவருடைய சின்ன மாப்பிள்ளை. தோளில் ஸ்பேனர் பை. மடியில் சின்ன அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு புது ரப்பர் புஷ்.

அந்தச் சின்ன மாப்பிள்ளை என் நண்பனுக்குச் சகலை. என் நண்பன் மூத்த மகளைக் கட்டியவன், பேங்க் உத்தியோகம். மாமனார் வீட்டுக்குப் போனால் அவனுக்கு நாற்காலி போட்டு ஃபேனைத் திருப்பி வைப்பார்கள். இவனுக்கு அதே வீட்டில் காருக்கு அடியில்தான் இடம். அங்கே மெக்கானிக்காகச் சேர்ந்து, முதலாளியின் மகளைக் காதலித்துக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளை ஆனவன். மாமனார் அதை ஒருநாளும் மறக்கவில்லை. இவனையும் மறக்கவிடவில்லை.

"மாப்பிள்ளைன்னு மரியாதையா கூப்பிடணும்னு எம் பொண்ணு சொல்லியிருக்கா. அதனால சொல்றேன்... டேய் மாப்பிள்ளை, அந்தப் பன்னெண்டு ஸ்பேனர எடு."

இப்படித்தான் பேசுவார். ஒர்க்‌ஷாப்பே சிரிக்கும்.

அன்றைக்கு அவர்கள் போனது ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு. டாக்டரிடம் அறுபது வயதான ஒரு கார் இருந்தது. அவர் அப்பா வாங்கியது. அதன் பின் ஆக்சிலை வண்டியின் உடம்போடு பிடித்து வைப்பவை, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு ரப்பர் புஷ்கள். இடதுபக்கப் புஷ் கிழிந்துபோயிற்று என்று இவன் புதிது மாட்டிக் கொடுத்தான். சில நாளில் கிழிந்தது. மறுபடி மாட்டினான். மறுபடியும் கிழிந்தது. இந்த முறை நார்நாராக. வண்டி நகரக்கூட இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அது போதும். வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடி புஷ்ஷின் போல்ட்டை இறுக்கக் கூடாது. ரப்பர் எந்த நிலையில் இறுகுகிறதோ, அந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறகு எடை ஏறி வண்டி கீழே அமுங்கினால், முறுக்கிக்கொண்டு கிழியும். அதனால் வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, வழக்கமாக ஏறுகிற பாரத்தையும் ஏற்றிவிட்டுத்தான் கடைசி இறுக்கு. தொழிலில் சேர்ந்த முதல் மாதமே சொல்லித்தருகிற பாடம்.

"தொங்கவிட்டு முடுக்கியிருக்கே" என்றார் மாமனார்.

"இல்ல மாமா. ரெண்டு தடவையும் தரையில எறக்கி வச்சுத்தான்..."

"அப்ப புஷ்ஷு தானாக் கிழிஞ்சுக்குச்சா? எலி கடிச்சுச்சா?" வாயில் பீடியோடு இடுப்பில் கை வைத்து நின்றார். "கேட்டுக்க. இன்னிக்கு நானே வர்றேன், நானே முடுக்கறேன். அது கிழியாம நின்னுச்சுன்னா, தப்பு உன்னோடதுன்னு ஆயிடும். அன்னிக்கே மூட்டையக் கட்டு. எம் பொண்ணும் பேத்தியும் இங்கயே இருப்பாங்க. நீ எந்த ஊருக்கு வேணா போய் எவன் வண்டியையும் கெடு."

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது புஷ் இல்லை... குடும்பம்.

டாக்டர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே கார். வெறும் வண்டி, ஆளில்லை, சாமானில்லை. ஆனால் பின்பக்கம் இடது ஓரமாகச் சாய்ந்து நின்றது. ஸ்பிரிங்கும் போன முறையே மாற்றியாயிற்று. அப்படியும் சாய்ந்து நின்றது.

"இங்க யாரு சார் உக்காருவாங்க?" என்று மாமனார் கேட்டார்.

டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இப்ப யாரும் இல்லைங்க. அம்மா அங்கதான் உக்காருவாங்க. கால் விளங்காது. தூக்கி வச்சா வச்ச இடம்தான். அங்கயேதான் போயும் சேந்தாங்க, போன வருஷம்." கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "ஒரு எடம் பேசி முடிக்கப் போயிருந்தேன். அஞ்சு நிமிஷம்னுதான் போனேன், பேச்சு வளந்துடுச்சு. தூசி வருமேன்னு கண்ணாடிய ஏத்திட்டுப் போயிருந்தேன். பழைய வண்டி பாருங்க, ஏசி கிடையாது."

கொட்டகையின் தகரம் வெயிலில் 'டிக்... டிக்...' என்று விரிந்தது.

மாமனார் குனிந்து சாய்வைப் பார்த்தார். சிரித்தார். "அம்மா நல்ல பாரமோ? ஸ்பிரிங்க ஒரு வழி பண்ணிட்டுப் போயிருக்காங்களே!"

டாக்டரும் சிரித்தார். பிறகு, தூக்கம் வருகிறது, முடிந்ததும் எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

பழைய புஷ்ஷை எடுக்க நெருப்பு வைத்துத்தான் ஆக வேண்டும். ரப்பர் எரியும் வாடை தெரியுமில்லையா... அதுதான் வந்தது முதலில். பிறகு அதற்குள் இன்னொன்று. கால்வலித் தைலம். புளித்த வியர்வை. இவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். மாமனாருக்கு ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. சோப்புத்தண்ணீர் தடவி, பையில் கொண்டுவந்த சின்ன வைஸ் இடுக்கியில் வைத்து நெரித்துப் புதியதை உள்ளே இறக்கினான். அழகாக, கோணாமல் உட்கார்ந்தது. அதற்கு ஒரு வார்த்தை பாராட்டு? ம்ஹும்.

பின் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை அடுக்கி, வண்டியை அவற்றின் மேல் இறக்கினார்கள். ஜாக்கியை எடுத்தாயிற்று. மாமனார் சாக்கு விரித்து, மல்லாந்து, தொப்பை உரச உரச அடியில் போனார்.

"ஏறி இடதுபக்கம் உக்காரு. பாரம் வேணும். உன்னால ஆகக்கூடிய ஒரே உபயோகம் எடைதான், அதையாவது ஒழுங்கா குடு."

பின் கதவைத் திறந்தான். உள்ளே அனல். ஏறி உட்கார்ந்தான்.

உட்கார்ந்தான் என்றா சொன்னேன்?... சீட் இல்லை அது. சீட் தோல் இப்படி இருக்காது. நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் உருண்டு, கதகதப்பாக... மடி. ஒரு பெரிய பெண்ணின் மடி. அவன் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மெல்ல மூச்சிழுத்தது.

எப்படி வெளியே வந்து விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. முழங்கை சிராய்த்து ரத்தம். எழுந்து நின்றான்.

அவன் இறங்கியும் வண்டி மேலே எழும்பவில்லை. கீழே இறங்கியது.

"போதும் போதும்!" அடியிலிருந்து மாமனார். ஸ்பேனர் கிறீச்சிடும் சத்தம். "இப்ப சரியான பாரம்... முடுக்கிட்டேன் பாரு. இதான்டா வேலை. நல்லா இறுகிடுச்சு. சரி, எறங்கு."

ஸ்பிரிங் முனகியது. இன்னும் கொஞ்சம் கீழே.

"எறங்குடான்னா... எதுக்குடா குதிக்கறே? தொப்பையில இடிக்குது!"

"மாமா..."

"எறங்கித் தொலைடா, தண்டம்!"

"நான் எறங்கிட்டேன் மாமா. வெளியதான் நிக்கிறேன்."

மாமனார் தலையைத் திருப்பியிருக்க வேண்டும். அவர் முகத்துக்கு நேராக, தரையில், மாப்பிள்ளையின் இரண்டு கால்கள்.

"அப்ப... உள்ள யாரு?"

இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. டயர்கள் பிதுங்கின. மாமனாரின் மூச்சு 'ஹுக்' என்று வெளியே வந்தது. "ஜாக்கி... ஜாக்கியப் போடு..."

போட்டான். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஓடிப்போய் எடுத்துவந்து போட்டான். கைப்பிடியைச் சுற்றினான். வண்டி மெதுவாக ஏறியது. ஒரு நூல்... இரண்டு நூல். அடியில் இருப்பவருக்கு மூச்சு திரும்பியது. மூச்சு திரும்பியவர் சும்மா இருந்திருக்கலாம்.

"சீக்கிரம் சுத்துடா! பொட்டப்பய மாதிரி... இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் மொத வேலை உன்னைத் தொரத்தறதுதான்... அந்தப் பிள்ளைக்கு வேற அப்பனப் பாக்கறேன்..."

கை நின்றது.

களைப்பா, பயமா, வேறு ஏதாவதா... என் நண்பன் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். கை நின்றது, அவ்வளவுதான். ஜாக்கியின் கைப்பிடி தானாகத் திரும்பிச் சுற்ற ஆரம்பித்தது. அவன் அதைப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு கூச்சல் போட்டான். டாக்டர் லுங்கியோடு ஓடிவந்தார். தெருமுனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆறேழு பேர் சேர்ந்து தூக்கியும் வண்டி அசையவில்லை. அடியில் சத்தம் நின்றது. நின்ற மறுநொடியே வண்டி லேசானது. குழந்தை தூக்கிவிடலாம் போல, அவ்வளவு லேசு.

கட்டை சரிந்தது, விபத்து என்று முடிந்தது. ஒரு கட்டையும் சரியவில்லை. அது வேறு விஷயம்.

மாமனார் இறுக்கிய அந்த இடதுபக்கப் புஷ் அதன்பின் கிழியவே இல்லை. சரியான பாரத்தில் இறுக்கியது, எப்படிக் கிழியும்? தப்பு மாப்பிள்ளை மேல்தான் என்று சொல்ல ஆள் இல்லை. அவன் வெறும் வண்டியில் இறுக்கியிருந்தான், ஆனால் அந்த வண்டி ஒருநாளும் வெறும் வண்டியாக இருந்ததில்லை... இதை யாரிடம் போய் விளக்குவது? விளக்க வேண்டிய தேவையும் இல்லை. மனைவி அவனோடுதான் இருந்தாள். ஒர்க்‌ஷாப் சாவி அவன் இடுப்புக்கு வந்தது. என் நண்பன் போனால், இப்போது இரண்டு நாற்காலி, இவனுக்கும் ஒன்று.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரிடமிருந்து போன். "என்னப்பா இது தலைவலி? இப்ப வலதுபக்கப் புஷ்ஷு கிழிஞ்சு தொங்குது!"

போகாமல் இருந்திருக்கலாம். போனான். தனியாக. அதே வெயில், அதே சாலை.

கொட்டகைக்குள் வண்டி இப்போது சாய்ந்து நிற்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாக, தாழ்ந்து, நன்றாக அழுத்தி உட்கார்ந்திருந்தது. பின்சீட்டில் யாருமில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தான், யாருமில்லை.

பழையதை எரித்து எடுத்தான். புதியதை மாட்டினான். கட்டையில் இறக்கி, சாக்கு விரித்து, அடியில் போனான். பாரத்துக்கு ஒருவரையும் உட்காரச் சொல்லவில்லை. போல்ட்டைத் தளர்வாக விட்டுவிட்டு, ஸ்பேனரைப் பிடித்தபடி காத்திருந்தான்.

மேலே கதவு திறக்கவில்லை. ஆனால் வலதுபக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. அவன் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. பீடியும் கிரீஸும் கலந்த வாடை... வருஷக்கணக்கில் பழகிய வாடை.

அந்த நேரத்தில் அவனுக்கு இரண்டு வழி இருந்தது. வண்டியைத் தூக்கித் தொங்கவிட்டு, பாரமில்லாமல் இறுக்கிவிட்டு வரலாம். ரப்பர் ஒத்துக்கொள்ளாது, கிழியும், உள்ளே இருப்பது அங்கே நிலைக்காமல் என்றாவது போய்ச்சேரும். அல்லது இப்படியே, இந்தப் பாரத்தோடு, வண்டிக்குள் நிரந்தரமாக இறுக்கிவிடலாம்.

அடியில் கிடந்தபடி மேலே பார்த்துச் சொன்னானாம், அதை என் நண்பனிடம் சொல்லும்போதும் சிரித்தானாம்.

"சௌகரியமா உக்காந்துக்குங்க, மாமா."

ஸ்பேனரை மாட்டி, இரண்டு கையாலும், முழுசாக இறுக்கினான்.

மேலே சீட் ஸ்பிரிங்குகள் கிறீச்... கிறீச்சென்றன. யாரோ ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து விலகி, வலதுபக்கக் கதவோடு கதவாக ஒட்டி, ஒடுங்கி ஒடுங்கி... உட்கார இடம் தேடுவதுபோல.