முகக்கட்டுப் படங்கள்

படங்களை ஒரே உயரத்தில் வரிசையாக அடுக்குவது பார்ப்பதற்குத்தான் சுலபம், ஐயா. ஒருவர் நிமிர்த்தி எடுத்திருப்பார், ஒருவர் சாய்த்து. கைபேசியில் திறந்தால் எல்லாம் தாறுமாறாகக் கிடக்கும். பாலம் இடிந்து விழுந்த வாரம் ஆஸ்பத்திரிகள் எல்லாம் சேர்ந்து எழுதும் விக்கி தளம் அப்படித்தான் இருந்தது. அடையாளம் தெரியாதவர்களின் படங்களை நர்சுகள் ஏற்றுவார்கள். கூட்டம் தாங்காததால், படத்தில் ஆளைக் கண்டுபிடித்துச் சொன்னால்தான் சொந்தக்காரர்களை உள்ளே விட்டார்கள். அந்தத் தளத்தைப் பராமரிக்கும் ஆபீசில்தான் எனக்கு வேலை; அதற்காகத்தான் தளத்தோடு ஒட்டி ஓடும் ஒரு சிறு நிரலை, நீட்சியை, எழுதினேன். நர்சுகள் படங்களைப் பிரித்துப்போட்ட பகுப்பின் பெயரைப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும், அதிலுள்ள படங்கள் தாமாகவே வந்து அடுக்கிக்கொள்ளும். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

என் அண்ணனும் அந்தப் பாலத்தில்தான் போய்க்கொண்டிருந்தான். அம்மா அதுவரை அவன் வீட்டில்தான் இருந்தாள். என் வீட்டுக்கு வந்தால் மறுநாளே பையைத் தூக்கிவிடுவாள். "நான் இல்லாம அவனுக்குக் கை ஓடாதுடா" என்பாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மூத்த பிள்ளை, சாமர்த்தியசாலி, யாராக இருந்தாலும் அப்படித்தான்.

பாலம் விழுந்த பிறகு அம்மா என்னிடம் வந்துவிட்டாள். சாயங்காலம் நான் வந்ததும் கைபேசியில் அந்தப் படங்களைப் பார்க்க நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். "மெதுவா தள்ளு கண்ணு. அண்ணனுக்குக் காதுக்குக் கீழ மச்சம் இருக்குமே, அதப் பாரு." என்னைக் கண்ணு என்று அவள் கூப்பிட்டது அப்போதுதான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டாள். "நீயும் இல்லன்னா நான் என்னடா ஆவேன்" என்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

மச்சத்தை நான்தான் முதலில் பார்த்தேன், ஆபீசில், புதுப் படங்களைச் சோதிக்கும்போது. முகத்தில் பாதிக்குமேல் கட்டு. அம்மா தாங்கமாட்டாள் என்று தோன்றியது. ஒரு படத்தை மட்டும் நீக்கினால் யார் நீக்கியது என்று தளத்தில் பதிவாகிவிடும். அதனால் நீட்சியிலேயே ஒரு விதி எழுதினேன்: முகக்கட்டு என்ற பகுப்பில் உள்ள எந்தப் படத்தையும் காட்டாதே. மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "பாக்கிறவங்க பயந்துடுறாங்க சார்" என்றேன். "ஆமாப்பா, நல்ல யோசனை" என்றார்.

அதனால் வேறு சிலரின் படங்களும் மறைந்தன, இல்லை என்று சொல்லவில்லை. புருஷனைத் தேடி ஒரு பெண் கைக்குழந்தையோடு தினமும் வருவாள். "இன்னும் படம் வரலயாண்ணா?"

"வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேம்மா."

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஆபீசில் மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.

வாக்குமூலத்தில் நீங்கள் தப்பாக எழுதிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன். இறந்தவர்களின் பக்கம் தனி, அதை வேறொருவர் பார்த்துக்கொண்டார். என்னுடையது பிழைத்தவர்களின் பக்கம். பெயர் சொல்லக்கூட வாய் வராமல் படுத்திருந்தவர்கள். என் அண்ணனும் மூச்சோடுதான் இருந்தான். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று படத்தின் அடியிலேயே போட்டிருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

கதவு திறக்கும்போதெல்லாம், கட்டுக்கு வெளியே இருந்த ஒரு கண்ணால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பானாம். நர்ஸ் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். போன வாரம் அவன் மூச்சோடு அதுவும் நின்றுவிட்டது. ஆமாம், அப்போது உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தேதான் மறைத்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று, ஐயா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், நான் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். இந்த நேரத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?