பன்னிரண்டாவது குரல்

பன்னிரண்டு என்று சொன்னது யார்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக இல்லை. இந்த மேடையை விட்டு இறங்கும்போதும் இருக்கப் போவதில்லை. விடை தெரியாத ஒருத்தியை விருந்தினராக அழைத்துவிட்டோமே என்று விழாக் குழுவினர் வருந்தலாம். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, இனி வருந்திப் பயனில்லை.

அவையை அமைதியாக ஆளும் தலைவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி இந்த அரங்கின் கூரையை ஓரங்குலம் உயர்த்திவிட்டு அமர்ந்திருக்கும் தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் அவர்களே, பாடம் நடத்திப் பாதித் தொண்டையைப் பறிகொடுத்த பேராசிரியப் பெருமக்களே, வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, பிள்ளையின் பெயர் எப்போது வரும் என்று வாசலையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, இன்று பொறுப்பேற்கும் மாணவர் மன்றத் தலைவர்களே, அவர்களுக்கு வாக்களித்தவர்களே, வாக்களிக்காமல் கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கேன்டீன் என்றதும்தான் கைதட்டலே வருகிறது. பரவாயில்லை. உண்மைக்குக் கிடைத்த கைதட்டல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாறைகளைப் படிப்பது என் தொழில். பாறைகள் அதிகம் பேசுவதில்லை. எங்களுக்குள் நல்ல பொருத்தம். "தலைமை, மனநிலை, தன்னம்பிக்கை பற்றி, பேராசிரியராக வேண்டாம், ஒரு மாணவியாகப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். சரி, மாணவியாகவே பேசுகிறேன். என் மாணவப் பருவத்தில் இந்த மூன்றையும் எனக்குக் கற்பித்தது ஒரே ஒரு பிற்பகல். அதைச் சொல்கிறேன். பேய்க்கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பேய்களில் நம்பிக்கையில்லை. அதுதான் என் சிக்கலே.

மலையைக் குடைந்து ஒரு சுரங்கக் கால்வாய். மேலே தேக்கிய நீரைக் கீழே ஊருக்குக் கொண்டு செல்வது. ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் மதகை அடைத்து, நீரை வடித்து, வண்டலை அள்ளி, விரிசல்களைப் பார்ப்பார்கள். அந்த வாரத்தின் கடைசி நாளில், விரிசல்களை அளந்து பழக எங்கள் வகுப்பு கீழ்வாய் வழியாக உள்ளே போனது. நாங்கள் பன்னிரண்டு பேர்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள். உள்ளே சென்றவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்று எழுதி, கடைசியாக வெளியே வருபவர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாத் தாள்களும் மதகுக்காரர் கையில் சேர்ந்தால்தான் நான்கு மணிக்குத் தண்ணீர். கையெழுத்து என்ற பெயரில் நம்மிடம் கொடுப்பது மதகின் சாவியை.

எங்கள் வகுப்புத் தலைவனை 'மைக்கு' என்போம். அவன் பேசினால் ஒலிபெருக்கி தேவையில்லை. நெஞ்சை நிமிர்த்தி முதல் ஆளாக நடப்பான். என்னை 'டவுட்டு' என்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மேடத்துக்கு முழங்கால் வலி, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "டவுட்டு கடைசியா வரட்டும். அவ மூணு தடவை சரிபார்க்காம கையெழுத்துப் போட மாட்டா" என்றார். அப்படித்தான் நான் தலைவியானேன். வாக்குப்பெட்டியும் இல்லை, மாலையும் இல்லை.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எண்ண வேண்டும். முன்னால் மைக்கு "ஒண்ணு" என்பான். அடுத்தவர் "ரெண்டு". எனக்கு முன்னால் நின்ற ஒல்லி "பதினொன்னு" என்றதும் நான் "பன்னெண்டு" என்று முடிப்பேன். மூன்று திருப்பங்களில் மூன்று முறை எண்ணினோம். அதற்கு அப்பால் மேல்வாய்ப் பகுதி. வண்டல் அள்ளும் பெண்களின் இடம், எங்களுக்கு அனுமதியில்லை. அதே வரிசையில், நான் கடைசியாக, திரும்பினோம்.

வெளிவாசலுக்கு இருபது அடி இருக்கையில் கடைசி எண்ணிக்கை. நான் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் டேப்பில். டார்ச் அக்குளில். பென்சில் பல்லிடுக்கில்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." குரல்கள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி நடந்து வந்தன. "பத்து." "பதினொன்னு."

"பன்னெண்டு."

தெளிவான குரல். அவசரமில்லாத குரல். எனக்குப் பின்னால் இருந்து.

எனக்குப் பின்னால் யார் இருக்க முடியும்? நான்தானே கடைசி? பின்னால் இருந்தது இருட்டு மட்டும்தானே?

முன்வரிசையில் ஒரு தம்பி "எதிரொலி" என்கிறார். நல்லது, நானும் முதலில் அங்கேதான் போனேன். எதிரொலி சொன்னதைத் திருப்பிச் சொல்லும், தம்பி. அடுத்த எண்ணைச் சொல்லாது.

வெளியே வந்தோம். வெயிலில் கண் கூசியது. மணி மூன்று நாற்பது. மதகுக்காரர் அட்டையில் செருகிய தாளை நீட்டினார். முப்பது வயதிருக்கும், அன்று முழுக்கத் தொலைபேசியில் வசவு வாங்கிய முகம்.

"பன்னெண்டு போனீங்க, பன்னெண்டு நிக்கிறீங்க. போடும்மா கையெழுத்த."

"நான் பன்னெண்டு சொல்லலை" என்றேன்.

மைக்கு திரும்பினான். "என்னது?"

"கடைசி தடவை நான் வாயே திறக்கலை. பென்சில் வாயில இருந்தது."

"அப்ப எவனோ உனக்கு ப்ராக்ஸி குடுத்திருக்கான். வருஷம் பூரா அட்டெண்டன்ஸ்ல எங்க யாருக்காவது ஒரு ப்ராக்ஸி குடுத்திருப்பியா நீ? பாரு, உனக்கும் குடுக்க ஒரு புண்ணியவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். "யாரு குடுத்தீங்க, சொல்லுங்க" என்றேன். நான் இல்லை, நான் இல்லை என்று வந்தது. கடைசியில் ஒல்லி சொன்னாள்: "ஏய், விளையாடாத. உன் குரல்தான்டி. என் முதுகுக்குப் பின்னாடிதான் கேட்டுச்சு."

"எனக்கும் என் முதுகுக்குப் பின்னாடிதான் கேட்டுச்சு."

அப்போது சிரிப்பு நின்றது. அணைத்த விளக்கு போல் நின்றது.

மதகுக்காரர் பேனாவை மூடித் திறந்தார். "கணக்கு சரியா இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"சரியா இருக்கு அண்ணே. அதான் பயமா இருக்கு."

"கீழ ஊரே குழாயத் திறந்து வெச்சுட்டு நிக்குது. மேல்வாய்க்காரங்க மத்தியானமே கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோபமில்லை, அன்போடுதான் சொன்னார். அன்போடு சொன்னதால்தான் இன்னும் வலிக்கிறது: "நீ கெட்டிக்காரிதான்மா. ஆனா உன்மேலயே உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் உன் பிரச்சனை. போட்டுட்டு வா."

அன்பர்களே, சற்று முன் இந்த அரங்கில் "என்னால் முடியும்" என்று மும்முறை முழங்கினீர்கள். மேசை மேலிருந்த தண்ணீர் நடுங்கியதைப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஆனால் கேட்கிறேன். உன்னை நம்பு என்கிறார்களே, எந்த உன்னை? பேனாவை வாங்கிவிட்டால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று நினைக்கும் உன்னையா? பேருந்தைப் பிடிக்கத் துடிக்கும் உன்னையா? பழிக்கு அஞ்சும் உன்னையா, பரிகாசத்துக்கு அஞ்சும் உன்னையா? அல்லது, வாயில் பென்சில் இருந்தது, நான் பேசவில்லை என்று அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருக்கும் அந்த அற்பமான, அழகில்லாத, அடங்காத உன்னையா?

நான் வீராங்கனை இல்லை. "ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னேன். மதகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

மூன்றாவது திருப்பம் வரை போனோம். கூப்பிட்டோம், காத்திருந்தோம். சொட்டு, சொட்டு, சொட்டு. வேறொன்றுமில்லை. அதற்கு மேல் மேல்வாய்ப் பகுதி, ஆள் இல்லை என்று கையெழுத்தாகிவிட்ட பகுதி. அங்கே நின்று, ஏனென்று தெரியாமல், நான் "பதினொன்னு" என்றேன்.

பதில் இல்லை. சொட்டுவதும் நின்றுவிட்டது போல இருந்தது.

"யாரும் இல்லம்மா" என்றார் அவர், என் காதோடு, கிசுகிசுப்பாக. யாரும் இல்லாத இடத்தில் எதற்குக் கிசுகிசுக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. காரணம் கேட்டார்கள். தெரியாது என்றேன். ஆதாரம் கேட்டார்கள். இல்லை என்றேன். நான்கு மணி கடந்தது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று ஊருக்குத் தண்ணீர் இல்லை. பேருந்து போய்விட்டது. மதகை ஒட்டியிருந்த விடுதியின் ஈரப் பாய்களில் பன்னிரண்டு பேரும் பட்டினியாகப் படுத்தோம். என்னோடு யாரும் பேசவில்லை. மேடம் மட்டும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். காலையில் நானே மதகு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்றார். எழுதினேன். நல்ல நடையில்தான் எழுதினேன்.

இன்று பொறுப்பேற்கும் தலைவர்களே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நாளை முதல் உங்கள் முன் தாள்கள் வரும். எல்லாம் சரியாக இருக்கும். எண்ணிக்கை சரியாக இருக்கும், நேரம் நெருக்கும், நண்பர்கள் நகைப்பார்கள், பெரியவர்கள் அன்போடு பேனாவை நீட்டுவார்கள். அப்போது உங்களுக்குள் ஒரு குரல், நான் சொல்லவில்லையே, நான் பார்க்கவில்லையே என்று முனகினால், அதைக் கோழைத்தனம் என்று கொல்லாதீர்கள். குறை என்று குமைந்துபோகாதீர்கள். கூட்டமே கூடி நின்று கூவினாலும் பேனாவைக் கீழே வையுங்கள். தன்னம்பிக்கை என்பது தன் சந்தேகத்தையும் சேர்த்து நம்புவது. முன்னால் நடப்பவன் வழியைக் காட்டுவான். கடைசியில் வருபவள்தான் யாரும் விடுபடவில்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் கடைசியில் வாருங்கள். கடைசியில் வந்து, ஒவ்வொரு தலையாக எண்ணுங்கள். இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொருவர் சொன்னார் என்பதற்காகவும் போடாதீர்கள்!

கைதட்டலுக்கு நன்றி. மற்ற நன்றிகளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறுநாள் நடந்ததைச் சொன்ன பிறகு எனக்கு நன்றியுரை வருவதில்லை. என்னை அழைத்த மன்றத்துக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், என்னோடு உடன்படாமலும் புன்னகைக்கும் பயிற்சியாளருக்கும், எழுந்து போகாமல் இருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வணக்கம்.

மறுநாள் நடந்தது இதுதான்.

காலை ஏழு மணிக்குக் கடிதத்தோடு மதகு அலுவலகம் போனேன். வாசலில் வண்டல் அள்ளும் பெண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடி அழுதுகொண்டிருந்தாள். "அவளுக்கும் சேர்த்து நான்தான் சார் கையெழுத்துப் போட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டிருந்தா, முன்னாடியே கிளம்பிட்டான்னு நெனச்சேன். அங்க வரவே இல்லையாம்."

மேல்வாய் வழியாகப் போனார்கள். நானும் போனேன், யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது திருப்பத்துக்கு அறுபது அடி அப்பால், சரிந்த வண்டலுக்கும் கல்லுக்கும் அடியில் இடுப்புவரை சிக்கி ஒரு பெண் கிடந்தாள். உயிர் இருந்தது. குரல் இல்லை. காற்றாகத்தான் பேசினாள். கத்திக் கத்தி முந்தின நாள் மத்தியானமே தொண்டை கட்டிவிட்டதாம். நாங்கள் கூப்பிட்டது கேட்டதாம், பதில் சொல்ல முடியவில்லையாம்.

கல்லை நகர்த்தியவர்களிடம் நான் "மெதுவா" என்றேன். அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீதானா கண்ணு அது? தூங்கிடாத, தூங்கிடாதன்னு விடிய விடிய என் பக்கத்துல உக்காந்து எண்ணிட்டே இருந்தியே. எப்பப் பாரு பன்னெண்டோட நிறுத்திடுவ. அதுக்கு மேல எண்ணத் தெரியாதான்னு கேட்டேன். சிரிச்ச."

எட்டு இருபதுக்கு அவளை வெளியே கொண்டுவந்தோம். மதகுக்காரர் என் மன்னிப்புக் கடிதத்தை வாங்கவில்லை. முந்தின நாள் தாளை எடுத்து நீட்டினார். உள்ளே சென்றவர் என்ற இடத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. வெளியே வந்தவர் என்ற இடத்தில் பதின்மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது நாற்பதுக்கு மதகைத் திறந்தார்கள்.