எரிமல வேண்டாமுங்க டீச்சர்

இல்லீங்க டீச்சர், உக்கார்றதெல்லாம் அப்பறம். மொதல்ல அந்த எரிமலய ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. பத்தாவது பி, தனப்பிரியா. அந்தப் பேருக்கு நேரா எழுதியிருக்கீங்கல்ல, அதத்தான். என்ற புள்ளதானுங்க அவ.

தெரியுமுங்க. அவளே வந்துதான் தலைப்ப மாத்திக் குடுத்தா. நீங்க மாத்தச் சொன்னீங்கன்னு நான் சொல்லவே இல்லீங்களே. நேத்துப் பொழுதோட ஊட்டுக்கு வந்து, சோடா மாவும் எலுமிச்சம்பழமும் வாங்கிட்டு வாங்கப்பான்னா. எதுக்கு சாமின்னு கேட்டா, எரிமல பொங்கறதுக்காமா. கொல்லிமல அடிவாரத்துல பொறந்துபோட்டு அவ எந்த எரிமலயக் கண்டா? போன வருசம் அறிவியல் கண்காட்சிக்கு நானும் வந்தனுங்க. வரிசையா நாலு எரிமல நின்னுச்சு. எல்லாம் சேலத்துல ஒரே கடையில வாங்குனது. ஒண்ணுல வெலைச்சீட்டக்கூடக் கிழிக்கல. அதனாலதான இந்த வருசம் நீங்க சொன்னீங்க, கடையில வாங்கறது வேண்டாம், செல்லுல பாத்து செய்யறது வேண்டாம், அவங்கவங்க ஊர்ல கண்ணுல படற சங்கதியா எடுங்கன்னு. புள்ள எடுத்தா. எடுத்துச் செஞ்சு முடிச்சும் போட்டா. இப்ப எரிமல எதுக்குங்க?

ஆமாங்க, நீரோட்டம் பாக்கறதுதான். தேங்காய உள்ளங்கையில படுக்க வெச்சு வெள்ளாமக் காட்டுக்குள்ள நடப்பாங்க. அடியில தண்ணி இருக்கற எடத்துல தேங்கா எந்திரிச்சு நிக்கும். அங்க ரிக்கு வண்டிய நிறுத்தி போர் போடுவாங்க. உங்க ஊட்டுக்கும் அப்புடித்தான் போட்டீங்களா? பாருங்க. நீங்களே அப்புடீன்னா மத்தவங்களக் கேக்கவே வேண்டாம்.

இவ என்ன பண்ணுனான்னு சித்தக் கேளுங்க. சேந்தமங்கலம் சுத்துவட்டாரத்துல தேங்கா புடிக்கறதுல பேரு வாங்குன ஆளு ஒருத்தன் இருக்கறான். நல்லாத் தெரியுமுங்க, நெம்பப் பழக்கம். அவன எங்கூருச் சரவணமுத்து காட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. கண்ணத் தொறந்துட்டு நடக்கச் சொன்னா. தேங்கா நின்ன எடத்துல வெள்ளக் கோலப்பொடி போட்டா. மறுக்கா நடந்தான், அதே எடத்துலதான் நின்னுச்சு. எத்தன தடவ நடந்தாலும் அதே எடந்தான். அந்தாளு மீசையத் தடவிக்கிட்டான். அப்பத்தான் சொன்னா, இனிக் கண்ணக் கட்டிட்டு நடங்கன்னு. அவனுக்கு வீம்பு. கட்டு பாக்கலாம்னு தலத்துண்ட அவனே அவுத்துக் குடுத்தான்.

கட்டி, ரண்டு சுத்துச் சுத்தி உட்டா. தேங்கா நின்னுச்சுங்க, நிக்காம இல்ல. ஆனா வெள்ளப்பொடிக்கு நெம்பத் தள்ளி, அக்கட்டால. அங்க செகப்புப்பொடி போட்டா. மறுக்கா நடந்தான், வேலியோரம் நின்னுச்சு. அதுக்கும் பொறவு, மாட்டுக்கொட்டாய்க்கு முன்னால. கடசியில பாத்தா வெள்ளயெல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்குது. செகப்பு காடு பூராச் செதறிக் கெடக்குது. அடியில இருக்கற தண்ணி, இவன் கண்ணக் கட்டுனா நகந்தா போயிரும்? அவ்வளவுதானுங்க அவ கேட்டது.

பொய், பித்தலாட்டம்னு அவ ஒரு எடத்துலயும் எழுதலீங்க. நான் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கை தானாத் திருப்பிருது, திருப்பறது அந்தாளுக்கே தெரியறதில்லன்னுதான் எழுதியிருக்கறா. அதுல என்ன குத்தம்?

என்னங்க? அவன் சொன்ன எடத்துல தண்ணி வந்திருக்குதா? வராமப் பின்ன. ஏரிக்குக் கீழ எங்க ஓட்டை போட்டாலும் தண்ணி வரும். அதுக்குத் தேங்கா எதுக்கு, சட்னிக்கு வெச்சுக்கலாம். அவன் காட்டுன எடத்துல வெறும் புழுதியாப் பறந்த போரும் இருக்குது, மேட்டுக்காட்டுப் பக்கம் போய்க் கேளுங்க. தண்ணி வந்தா அவன் கைராசி, வல்லீன்னா காட்டுக்காரன் தலயெழுத்து. இப்புடித்தானுங்க ஓடிட்டிருக்குது.

அதச் சொல்லுங்க. அதுதான் விசயம். ஒருத்தன் பொழப்புல மண்ணப் போடறாப்பல இருக்குது டீச்சர்னு உங்ககிட்டயும் அழுதாளா? நல்ல மனசுங்கறீங்க. இருக்கட்டும். எனக்கு அது புடிக்கலீங்க. அன்னைக்குக் கடசியாத் துண்ட அவுத்து, செகப்புப்பொடிய ஒரு பார்வ பாத்துட்டு, அந்தாளு வரப்புல உக்காந்துட்டான். அந்த மொகத்தப் பாத்துப்போட்டுத்தான் இவ எரிமலைக்குப் போயிட்டா. எரக்கமாமா, எரக்கம். அத இவகிட்ட யாரு கேட்டது? துண்டக் குடுத்தவன் அவன். தோத்தவன் அவன். செயிச்சவ எதுக்குப் பம்மோணும்? கண்ணால பாத்தத மறைச்சுப்போட்டு சோடா மாவுல நொரை கெளப்பறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பறது?

சண்டைக்கு வருவான்ங்கறீங்களா? பள்ளிக்கூட வாசல்ல நின்னு சத்தம் போடுவான்னு பயப்படறீங்க. மாட்டானுங்க. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, பேசட்டும். எனக்கென்ன வந்துச்சு.

என்ன சொன்னீங்க? அந்தாளே நேர்ல வந்து, எனக்குச் சம்மதம்னு ஒரு வார்த்த சொன்னா, அவ மொதல்ல செஞ்சதையே கண்காட்சிக்கு அனுப்பிருவீங்களா?

வந்துதானுங்க நிக்கறேன், அப்பப் புடிச்சு.

அட, அதுக்கேனுங்க எந்திரிக்கறீங்க? நாந்தான். இன்னைக்கும் கண்ணத் தொறந்துட்டு நடந்தா தேங்கா நிக்குதுங்க, ஊட்டுல நடந்து பாத்தேன். கட்டுனா நிக்கற எடம் மாறிருது. ரண்டும் நெசம். இனி எவனும் கூப்புடலீன்னா ரிக்கு வண்டியில பைப்புத் தூக்கறேன், ஒடம்புல தெம்பிருக்குது. அப்பன் மொகம் சுண்டிப்போச்சுன்னு புள்ள வாய மூடிட்டுப் போறதத்தான் என்னால தாங்க முடியல.

இன்னொண்ணுங்க. கண்காட்சிக்கு அவ எழுதுன அட்டையில, ஒருவரைக் கொண்டு சோதித்தோம்னு எழுதி வெச்சிருக்கறா. ஒருவர்னா எவனோன்னு நெனச்சுக்குவாங்க. சென்னிமலைன்னு என்ற பேரப் போடச் சொல்லுங்க. பெரிய எழுத்தா.